சுப்பு கேட்ட அவசரம்

திருவனந்தபுரம்,
புதன்கிழமை

மதிப்பிற்குரிய ஆவுடையம்மாள் அக்கா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி, அதுவும் வீட்டுக்கு எழுதாமல் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் வீட்டு எண்ணுக்கு முதலில் பேசிப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். சுப்பு என்ற பெயரைச் சொன்னதும், அப்படி யாரும் எங்களுக்குக் கிடையாது என்று வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. உங்கள் தம்பியே எச்சரித்திருந்தார். "அத்தான் எடுத்தா வச்சிருவாவ தாயி. அக்கா பள்ளிக்கூடத்துல சோறு பொங்குதா, அங்க போட்டா அவ கையில சேரும்" என்றார். அதனால்தான் இந்த வழி. பெரிய பாத்திரங்களுக்கு நடுவே நின்று இதைப் படிக்கிறீர்கள் என்றால், வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள்.

என் பெயர் வடிவாம்பாள். என் அப்பா அழகியநம்பி இங்கே சாலைக் கடைத்தெருவில் ஒரு வற்றல் மிளகாய் மண்டியில் எடை போடுகிறார். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம் என்று வளர்ந்ததால் இந்த வேலை கிடைத்தது. இந்நகரின் ஓரத்தில் உள்ள ஒரு சிறிய சிறைக்கு மாதம் ஒருமுறை பொதுமக்கள் சிலர் போய், கைதிகளுக்கு என்ன குறை என்று கேட்டு எழுதும் பார்வையாளர் குழு ஒன்று இருக்கிறது. அதில் தமிழ்க் கைதிகள் சொல்வதை மலையாளத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கழுத்தில் ஒரு அட்டை மாட்டியிருப்பேன். அப்பா அந்த அட்டையை மண்டியில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். மிளகாய்த் தூள் படிந்த கைரேகை அதில் இன்னும் இருக்கிறது.

உங்கள் தம்பியை எனக்குத் தெரிந்தது அப்படித்தான். இதே உறைக்குள் இன்னொரு தாள் இருக்கும். அது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதில் சுகமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பாடு, ஒரு குறையும் இல்லை, நீ அத்தானை எதிர்த்துக்கொண்டு வர வேண்டாம் என்று இருக்கிறது. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அக்கா. அவர் நம்புவதைத்தான் சொல்லியிருக்கிறார். அவர் நம்புவதில்தான் கோளாறு.

அவர் உள்ளே வந்த கதை உங்களுக்கு எந்த அளவு எட்டியது என்று தெரியவில்லை. விதுரைக்குப் பக்கம், பொன்முடி போகிற வழியில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டராக இருந்தார். சாப்பிட வந்த ஒருவன், இங்கே தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடுகிற மாதிரி, "பாண்டி, பாண்டி" என்று ஓயாமல் கிண்டல் செய்திருக்கிறான். பிறகு உங்கள் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னானாம். கையில் சட்டுவம் இருந்தது, ஓங்கிவிட்டார். அவனுக்குக் காது கிழிந்தது. வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஜாமீனுக்கு ஆள் நிற்க இங்கே யாரும் இல்லாததால் உள்ளேயே இருக்கிறார்.

உள்ளேயும் அவருக்குப் பாண்டி என்றுதான் பெயர். ஆனால் அங்கே அவர் கோபப்படுவதில்லை. சிறைச் சமையலறையில் சப்பாத்தி போடுகிறார். "எடா பாண்டீ, ஒரு பொறோட்ட அடிச்சு தாடா" என்று யாராவது கேட்டால், "ஜட்ஜ் ஐயாகிட்ட மைதாவுக்கு மனு போடுலே, அடிச்சுத் தாரேன்" என்பார். அவர் சொல்வது பாதி அவர்களுக்குப் புரியாது. இருந்தாலும் சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது பாதி இவருக்குப் புரியாது. இவரும் சிரிப்பார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது முழுவதும் அந்தப் பாதியில்தான் நடந்தது.

குழு வருகிற நாளில் சிறை முழுவதும் பினாயில் வாசனை அடிக்கும். கைதிகளை வரிசையாக நிறுத்துவார்கள். குழுத் தலைவர் தங்கப்பன் சார், ஓய்வு பெற்ற தாசில்தார், நல்ல மனிதர். "பராதி வல்லதும் உண்டோ?" என்று கேட்பார். பராதி என்றால் இங்கே புகார். "இல்லா சாரே" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் பதில் வரும். புகார்ப் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் சாவி சிறை அலுவலகத்திலேயே இருக்கிறது. பெட்டியில் கிடப்பது கொசு, ஓடாத மின்விசிறி, பக்கத்தில் படுப்பவனின் குறட்டை. எல்லாவற்றின் மேலும் தீர்க்கப்பட்டது என்று முத்திரை விழும். மின்விசிறிக்கு எத்தனை முறை முத்திரை விழுந்தது என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அது இன்னும் ஓடவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, அக்கா. எல்லோரும் களைத்துப்போனவர்கள். நானும்தான். திரும்பும்போது கிழக்கேகோட்டையில் பஸ் விட்டு இறங்கினால், வீடுவரை நடப்பதற்குக்கூட மனசு வராது.

உங்கள் தம்பிக்கு உடம்பில் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். சமையலறையில் வெறுங்காலோடு நின்றதில் வலது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. சூடான கல்லின் பக்கத்திலேயே நிற்பவருக்குக் கால் மரத்துப்போனது தெரியவில்லை. காயம் இருப்பதையே அவருக்கு இன்னொரு கைதி பார்த்துத்தான் சொன்னான். ஒரு விரலின் நிறம் மாறியிருந்தது. பார்த்த உடனே உங்கள் அப்பாவின் கால் நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். அந்தக் கால் எப்படிப் போனது என்று உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும் என்றார். வலியே இல்லாமல் இருந்து, ஒரு வாரத்தில் முழங்கால்வரை எடுக்க வேண்டி வந்தது என்றார்.

அந்த மாதம் குழு வந்தபோது அவர் வரிசையை விட்டு முன்னால் வந்திருக்கிறார். நான் அப்போது சுசீலாபாய் டீச்சரோடு பெண்கள் பகுதியில் இருந்தேன். டீச்சரும் குழுவில் ஒருவர். ஆண்கள் பக்கம் இருந்தது தங்கப்பன் சாரும், சிறையின் நல அலுவலர் ஸ்ரீகுமார் சாரும். அங்கே நடந்ததை இரண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி தனக்குத் தெரிந்த மலையாளத்தைக் கலந்து, வேதனை இல்லை சாரே, டாக்டரைக் காண அவசரம், அவசரம் என்று சொல்லியிருக்கிறார். வலி இல்லை, அதனால்தான் அவசரம் என்பது அவர் கணக்கு. அவர் காலைப் பார்த்து, ஸ்ரீகுமார் சார் அவர் தோளில் தட்டி, "அவசரம் தராம், தீர்ச்சயாயிட்டும் தராம்" என்றாராம், கட்டாயம் தருகிறேன் என்று. உங்கள் தம்பி கைகூப்பிவிட்டுப் போய் வரிசையில் நின்றுகொண்டார். "எனக்கு அப்பவே பாதி தீந்த மாரி இருந்துச்சு தாயி" என்று என்னிடம் சொன்னார்.

அக்கா, மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் டீச்சர்கள் என்னைப் பற்றி எப்போதும் சொன்னது, இந்தக் குட்டி வாய் திறக்காமல் அவசரங்களை எல்லாம் களைகிறது என்று. கிடைத்த வாய்ப்பையெல்லாம் தொலைக்கிறாள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தால் அம்மா, எதற்கடி இந்த அவசரம், மெதுவாகச் சாப்பிடு என்பாள். இரண்டு அவசரத்துக்கும் நடுவே வளர்ந்தவள் நான். எனக்குக் குழம்பாது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கும் குழம்பவில்லை. ஒருவர் உடனே வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர் வாய்ப்புத் தருகிறேன் என்றார். இரண்டு பேருக்கும் திருப்தி.

வாய்ப்பு என்றால் முறைப்படி வரும். டாக்டர் வழக்கமாக வருகிற நாளில், வழக்கமான வரிசையில் இவர் பெயர் இருந்தது. வலி இல்லை என்று சொன்னவர் ஆனதால் பின்னால் இருந்தது. முதல் நாள் இவர் முறை வருவதற்குள் டாக்டரின் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த தடவை பார்த்தபோது டாக்டர் வேறொன்றும் பேசாமல் வண்டி கொண்டுவரச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இதை இப்படி ஒரே வரியில் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். வேறு எப்படி எழுதுவது என்று யோசித்து ஒரு தாளைக் கிழித்தும் விட்டேன்.

அவர் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு இந்தச் சொல் காதில் விழுந்தது. குதிகாலை ஊன்றி நடந்து வந்து, ஒரு நல்ல செய்தி சொல்வது மாதிரிச் சொன்னார். "அவசரம் தாரோம்னு சொன்னாவ, தந்தாவ. அதனாலதான் ரெண்டு விரலோட போச்சு. இல்லன்னா அப்பாவுக்கு ஆன மாரி முழங்காலு போயிருக்கும்லா. நம்ம ஊர்ல இருந்தாகூட இப்படிப் பாத்திருப்பாவளா?" என்றார். நான் தலையசைத்தேன். ஸ்ரீகுமார் சாரிடம் போய், அன்று சுப்பு என்ன கேட்டார் என்று விசாரித்தேன். "டாக்டரெ காணான் ஒரு அவசரம் சோதிச்சு. நம்மள் கொடுத்தல்லோ" என்றார். கேட்டார், கொடுத்தோமே என்கிறார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

கூட்டத்தின் முடிவில் தங்கப்பன் சார் எப்போதும் மரியாதைக்காக என்னைப் பார்த்து, வடிவுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பார். நான் எப்போதும் இல்லை என்று தலையாட்டுவேன். அந்தத் தடவை இருக்கிறது என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மோளே, கொஞ்சம் உறக்கப் பற என்றார். உரக்கச் சொன்னேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். தங்கப்பன் சார் "அது கொள்ளாம்!", நன்றாக இருக்கிறதே, என்று சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, ஒரு நல்ல விடுகதை கேட்டவர் சிரிப்பது மாதிரி. டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்ரீகுமார் சார் முகம் வெளிறி, "ஞான் அறிஞ்ஞில்ல மோளே" என்றார், எனக்குத் தெரியாமல் போயிற்றே மகளே என்று. அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

உங்கள் தம்பியைக் கூப்பிட்டார்கள். உனக்கு ஏதாவது பராதி உண்டா என்று தங்கப்பன் சார் கேட்டார். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒரு பராதியும் இல்லை சாரே, நீங்கள் எனக்கு அவசரம் தந்தீர்கள், அந்த நன்றியை மறக்க மாட்டேன் என்றார். அதை மலையாளத்தில் சொல்ல வேண்டியது நான். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ அதையே சொன்னேன். நீங்கள் உடனே கவனித்தீர்கள் என்று நினைத்து நன்றி சொல்கிறார் என்றேன். "பின்னெந்தா? ஆள் திருப்தியாணல்லோ", அப்புறம் என்ன, ஆளுக்குத் திருப்திதானே, என்று தங்கப்பன் சார் பேனாவை மூடினார். கைதிக்குப் புகார் இல்லை என்று எழுதியாயிற்று. கைதி தன் வாயால் புகார் இல்லை என்று சொன்னால் குழு அதற்கு மேல் போவதில்லை. நான் புகார் கொடுக்க முடியாது. நான் வெறும் வாய்.

அவரிடம் நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, கட்டுப் பிரிக்கிற நாட்களில் பேச்சை மாற்றிச் சொல்ல ஸ்ரீகுமார் சார் என்னையும் கூப்பிடுகிறார். அப்படிப் போன மறுவாரம் சொல்லத் தொடங்கினேன். இவர்கள் பேச்சில் அவசரம் என்றால் வேறு என்று சொன்னதுமே, "எந்தப் பேச்சா இருந்தா என்ன தாயி, தோளைத் தட்டிக் குடுத்தாரே, அது ஒண்ணுதானே" என்று சிரித்தார். அந்த இடத்தில் அவருக்காக ஒருவர் ஓடியிருக்கிறார் என்ற நினைப்பு அவரிடம் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. அதை எடுத்துவிட்டு அவர் கையில் எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இது மட்டும் என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். முடிந்துபோனதைச் சொல்லி உங்களை அழவைத்து என்ன ஆகப்போகிறது? முடியவில்லை, அக்கா. விரல் எடுத்த இடத்தைச் சுற்றி மறுபடியும் கறுத்துவருகிறது. போன வாரம் கட்டுப் பிரிக்கும்போது நானே பார்த்தேன். காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், கட்டாயம் கூட்டிவாருங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். கூட்டிப்போகக் காவலுக்குப் போலீஸ் வேண்டும். அந்தத் தேதியில் போலீஸ் எல்லாம் ஏதோ ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். மறுபடி ஒரு தேதி வாங்கினார்கள். அன்றைக்கும் ஆள் வரவில்லை. உங்கள் தம்பி சட்டை மாற்றித் தலை சீவி வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாராம். "அவ்வொளுக்கு ஆயிரம் சோலி" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தி போடப் போய்விட்டார். ஸ்ரீகுமார் சார் தினமும் போன் செய்கிறார். அவர் போனுக்கு அங்கே மதிப்பு இல்லை.

அதற்கு அடுத்த கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டீச்சரும் நானும் ஒரு கடையில் ஒதுங்கி டீ குடித்தோம். டீச்சர் என் பக்கம் திரும்பாமல், மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: கைதியின் கூடப்பிறந்தவர்கள் எழுத்தில் ஒரு பராதி கொடுத்தால் அதைக் கைதியின் வாய்ச்சொல் வைத்து முடிக்க முடியாது, குழு ஜில்லா ஜட்ஜுக்கு அனுப்பியே தீர வேண்டும், ஜட்ஜ் எழுதினால் போலீஸ் வரும். நான் உடனே, டீச்சர், கைதிகளின் வீட்டுக்கு நாம் எழுதக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றேன். "எந்து மழயா இது! ஞான் ஒந்நும் கேட்டில்ல, நீ ஒந்நும் பறஞ்ஞுமில்ல" என்று டீச்சர் டம்ளரை வைத்துவிட்டுக் குடையை விரித்தார். தான் ஒன்றும் கேட்கவில்லையாம், நான் ஒன்றும் சொல்லவும் இல்லையாம்.

ஆக, விதியை மீறித்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தால் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், வருவதானால் அந்த அம்மாவுக்கு வழி தெரியாதே, மண்டிக்கு வரச் சொல்லு என்றார்.

மனு பெரிதாக எழுத வேண்டியதில்லை. தமிழில் போதும். சுப்பு என் தம்பி, அவன் கால் கறுக்கிறது, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் அப்பாவின் காலைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். அதை உங்களைத் தவிர யாரும் எழுத முடியாது. மலையாளத்தில் ஆக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சொல்கூட மாறாமல் பார்த்துக்கொள்கிறேன். அதில் யாரையும் திட்ட வேண்டாம். ஸ்ரீகுமார் சாரை வேண்டவே வேண்டாம்.

அந்தத் தாளைத் தபாலில் அனுப்பினாலும் சேரும். அப்படித்தான் கேட்க நினைத்து உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகு அது போதாது என்று தெரிகிறது. அவருக்கு நடந்ததை யாராவது ஒருவர் அவருடைய பேச்சில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரித்து மழுப்புகிறார். ஸ்ரீகுமார் சாருக்குச் சொல்லச் சொல் இல்லை. அந்தக் கறுப்பை நீங்கள் நேரில் பார்த்தால் உங்கள் முகத்தில் உங்கள் அப்பாவின் கால் தெரியும். அதைப் பார்த்தால் அவர் சப்பாத்திக் கல்லை விட்டு நகர்வார். உங்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்ப முடியும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் சமையலுக்கு யாரைப் பொறுப்பு வைப்பீர்கள் என்றும் தெரியாது. உங்கள் களக்காட்டிலிருந்து நாகர்கோவில் வந்து, அங்கிருந்து எந்த பஸ் ஏறினாலும் இங்கே வரலாம். கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டி அழகியநம்பி என்று தமிழிலேயே கேளுங்கள். அந்தத் தெருவில் யாரிடம் கேட்டாலும் தமிழில் பதில் சொல்வார்கள். அப்பா உங்களை எங்கள் வீட்டில் சேர்த்துவிடுவார். மறுநாள் காலையில் நான் கூட்டிப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. இந்த உறையின் மேல் ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். எழுதப் பயமாக இருக்கிறது. இங்கிருந்து உங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது எத்தனை கைகள் மாறுமோ. அதனால் உறைக்கு உள்ளே, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். உங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அவசரம், அக்கா. வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பியின் சொல்லைச் சுமக்கும்
அ. வடிவாம்பாள்